ஃபேன் புதுசு... ஹூக் எத்தனை வருஷம் பழசு? சீலிங் பாக்ஸைப் பார்க்காமல் ஃபேன் மாட்டாதீங்க!

"சார், இதுல நான் மாட்ட மாட்டேன்."

ஏணியின் உச்சிப்படியில் நின்றபடி எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே பெட்டியில் புத்தம் புது பிஎல்டிசி ஃபேன். நாலு நாள் ரிவ்யூ படித்து, ஸ்டார் ரேட்டிங் பார்த்து, ஆஃபரில் வாங்கியது. பழைய ஃபேனைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்தாச்சு. மாட்டினால் வேலை முடிந்தது. அப்புறம் என்ன?

"நீங்களே ஏறிப் பாருங்க."

ஏறினேன். பழைய ஃபேனின் கப் இருந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குள் இரும்புப் பெட்டி. பெட்டிக்கு நடுவில் ஒரு கம்பி. அண்ணன் ஸ்குரூ டிரைவரால் அந்தக் கம்பியை லேசாகச் சுரண்டினார். செதில் செதிலாகத் துரு உதிர்ந்து என் சட்டை மேல் விழுந்தது. உள்ளே மிச்சம் இருந்த கம்பி பென்சிலைவிட மெலிசு. அதில்தான் இத்தனை காலம் ஃபேன் தொங்கியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் பாப்பா தூங்குவாள்.

ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டேன். "பதினஞ்சு வருஷமா அதுலதானே தம்பி ஃபேன் ஓடுது? ஒண்ணும் ஆகலையே!" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால், பதினைந்து வருஷம் தாங்கியது என்பது பதினாறாவது வருஷத்துக்கு கேரன்ட்டி ஆகாது. ஏன் ஆகாது, அந்த பாக்ஸில் என்ன பார்க்க வேண்டும், கெட்டுப்போயிருந்தால் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

லைட் பாக்ஸ் வேறு, ஃபேன் பாக்ஸ் வேறு!

சீலிங்கில் வயர் வெளியே வரும் இடமெல்லாம் ஃபேன் மாட்டும் இடம் கிடையாது. நம் ஊர் கான்கிரீட் வீடுகளில் பொதுவாக இரண்டு விதமான பாக்ஸ்கள் இருக்கும்.

முதலாவது, எலக்ட்ரீஷியன்கள் 'டீப் பாக்ஸ்' என்று சொல்லும் பிவிசி பெட்டி. பைப்புகள் வந்து சேரவும், வயர்களை ஜாயின்ட் போடவும் வைப்பது. இதில் ஒரு பல்ப் ஹோல்டரோ, சின்ன எல்இடி விளக்கோ மாட்டலாம். அதன் ஸ்குரூக்கள் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கை மட்டும்தான். கான்கிரீட்டில் இருக்கும் கம்பியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டாவது, ஃபேன் பாக்ஸ். வட்டமாகவோ அறுகோணமாகவோ இருக்கும் பெட்டி. அதன் குறுக்கே ஒரு கனமான கம்பி போகும். தளம் போடும்போது, சென்ட்ரிங் பலகை மேல் இந்தப் பெட்டியை வைத்து, கம்பியின் இரண்டு கைகளையும் தளத்துக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அதன்மேல் கான்கிரீட் கொட்டும்போது ஹூக் தளத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஃபேனின் முழு எடையும் பெட்டியில் இறங்காமல், கம்பி வழியாகத் தளத்துக்குப் போகிறது.

கீழே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். மூடியைக் கழற்றினால்தான் வித்தியாசம் புரியும். உள்ளே கம்பி இல்லை என்றால் அது லைட் பாக்ஸ். "நாலு ஸ்குரூ போட்டு அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அஞ்சு கிலோதானே... இதுக்கு இவ்வளவு பில்டப்பா?

வீட்டில் மாட்டும் 1200 மி.மீ. ஃபேன் ஏறக்குறைய 4 முதல் 6 கிலோ இருக்கும். ஒரு சின்ன அரிசிப் பை எடை. ஆனால், அரிசிப் பை சுற்றாது.

ஒரு ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 21,000 சுற்று. தினமும் 10 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 7 கோடியே 66 லட்சம் சுற்று. சென்னையில் 10 மணி நேரத்தோடு யார் ஃபேனை நிறுத்துகிறார்கள்?

இப்போது ஒரு இறக்கை மட்டும் மற்றவற்றைவிட 10 கிராம் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசி படிந்திருக்கலாம், துடைக்கும்போது வளைந்திருக்கலாம். மையத்தில் இருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும் அந்த 10 கிராம், 350 சுற்று வேகத்தில், சுமார் 700 கிராம் எடைக்குச் சமமான விசையோடு ஃபேனைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பின் திசை நொடிக்குக் கிட்டத்தட்ட 6 தடவை முழுவட்டம் அடிக்கும்.

அதாவது, ஹூக்கை யாரோ பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பது மாதிரி. ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிந்துவிடும் இல்லையா? ஆட்டம் சிறியது என்றாலும் அதே வேலைதான் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. நட்டுகள் லூஸ் ஆவதும், ரப்பர் தேய்வதும் இதனால்தான்.

எனவே, "நான் தொங்கிப் பார்த்தேன், தாங்குது" என்பது பாதி சோதனைதான். தொங்கும் எடை வேறு, ஆடும் எடை வேறு.

ஹூக் ஏன் கெட்டுப்போகிறது?

முக்கியமான எதிரி ஈரம். மாடியில் தண்ணீர் தேங்கினாலோ, மேல்வீட்டு பாத்ரூம் கசிந்தாலோ, அந்த ஈரம் தளத்துக்குள் இறங்கும். அதற்கு வெளியே வர ஒரு வழி வேண்டும். வயர் பைப்பும் ஃபேன் பாக்ஸும் அதற்கு வசதியான வழி. மழைக்காலத்தில் சில வீடுகளில் ஃபேன் கப்பில் இருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைவிட, துருவான பிறகு அது அதிக இடம் பிடிக்கும். கான்கிரீட்டுக்குள் ஊதிப் பெருக்கும்போது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சீலிங்கில் பூச்சு உப்பிப் பெயர்ந்து, கம்பி பல்லிளித்து நிற்பது இப்படித்தான். அந்தப் பகுதியில் ஹூக் இருந்தால், ஹூக் மட்டுமல்ல, அதைப் பிடித்திருக்கும் கான்கிரீட்டும் பலவீனம்.

'கொஞ்சம் துருதானே' என்று விட முடியாததற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 12 மி.மீ. கம்பி அரித்து 6 மி.மீ. ஆகிவிட்டது என்றால், பலம் பாதியாகக் குறைந்தது என்று நினைப்போம். உண்மையில் குறுக்குப் பரப்பு கால்வாசிதான் மிச்சம். வளைவதைத் தாங்கும் பலம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டாவது எதிரி தேய்மானம். ஹூக்குக்கும் ஃபேனின் ஷேக்கிளுக்கும் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். ஆட்டத்தை உள்வாங்குவது அதன் வேலை. சில வருஷத்தில் ரப்பர் இறுகி, வெடித்து உதிர்ந்துவிடும். பிறகு இரும்பும் இரும்பும் நேராக உரசும். ஹூக்கின் வளைவில் பள்ளம் விழத் தொடங்கும்.

கீழே இருந்தே கவனிக்க வேண்டியவை

ஏணி எடுக்கும் முன்னாலேயே சில விஷயங்கள் தெரிந்துவிடும்.

* ஃபேன் ஓடும்போது கப் பக்கத்தில் இருந்து 'டக் டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வருவது.
* ராடு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடுவது. புதிதாக ஆரம்பித்த ஆட்டம் என்றால் இன்னும் கவனம்.
* கப் தானாகவே கீழே இறங்கியிருப்பது, அல்லது ஒருபக்கம் சாய்ந்திருப்பது.
* கப்பைச் சுற்றி சீலிங்கில் விரிசல், உப்பல், பழுப்பு நிறக் கறை.
* ஃபேனுக்கு நேர் கீழே தரையில் அல்லது மெத்தை விரிப்பில் செம்பழுப்புத் தூள். பலர் இதைத் தூசி என்று நினைத்துப் பெருக்கிவிடுவார்கள். அது துருவாக இருக்கலாம்.

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஃபேனை நிறுத்திவிட்டு, மேலே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே மறுபடி போடுங்கள். கட்டிலை இரண்டடி நகர்த்துவதற்குக் காசு ஆகாது. அதை முதலில் செய்யுங்கள்.

மாற்ற என்னென்ன வழிகள்?

ஃபேன் பாக்ஸ் கான்கிரீட்டுக்குள் இருப்பதால், பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருக முடியாது. முதலில் தளத்தின் நிலைமை தெரிய வேண்டும். சின்னச் சுத்தியலால் பாக்ஸைச் சுற்றி மெதுவாகத் தட்டினால் 'டங் டங்' என்று கெட்டியான சத்தம் வரவேண்டும். 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கான்கிரீட்டோ பூச்சோ பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

1. ஹூக் கெட்டது, தளம் நல்லா இருக்கு

எங்கள் வீட்டு நிலைமை இதுதான். வழக்கமான தீர்வு, ஹூக் வைத்த கனமான இரும்பு பிளேட் ஒன்றை ஆங்கர் ஃபாஸ்டனர்களால் தளத்தில் இறுக்குவது. துளைக்குள் போய் விரிந்து, கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளும் போல்ட்தான் ஆங்கர் ஃபாஸ்டனர். எம்8, எம்10 அளவுகளில் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். சுவரில் போட்டோ மாட்டப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பிளக்கும் மர ஸ்குரூவும் ஃபேனுக்குக் கூடவே கூடாது.

இந்த வேலையில் கோட்டைவிடும் இடங்கள் நான்கு.

*விளிம்பு:* பழைய பாக்ஸ் இருக்கும் குழியை ஒட்டியே துளை போட்டால், ஃபாஸ்டனர் விரியும்போது கான்கிரீட் ஓரம் பெயர்ந்துவிடும். கொஞ்சம் தள்ளித்தான் துளை போட வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி பிளேட் பெரிதாக இருக்க வேண்டும்.

*பைப்:* பாக்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தெந்தப் பக்கத்தில் இருந்து வயர் பைப் வருகிறது என்று தெரியும். அந்தத் திசைகளில் டிரில் போடக் கூடாது. ஓடும் லைனில் டிரில் இறங்கினால் ஷாக்.

*ஆழம்:* வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் நாலரை, ஐந்து அங்குல தடிமன்தான். ஃபாஸ்டனருக்குத் தேவையான ஆழம் மட்டும் துளைத்தால் போதும். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வது பழைய டெக்னிக். பூச்சின் தடிமனை இந்த ஆழத்தில் சேர்க்கக் கூடாது. பிடிமானம் கான்கிரீட்டில் இருக்க வேண்டும். நடுவில் கம்பி தட்டினால் அதை அறுக்காமல் துளையை நகர்த்துங்கள்.

*தூள்:* துளைக்குள் இருக்கும் சிமென்ட் தூளை ஊதி வெளியேற்றாமல் ஃபாஸ்டனரை இறக்கினால் பிடி சரியாக விழாது. ஒரு நிமிட வேலை இது. பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

2. தளமே பலவீனம்

தட்டினால் பொள்ளல் சத்தம், கம்பி வெளியே தெரிகிறது, பூச்சு கொத்தாக விழுகிறது என்றால், இது எலக்ட்ரீஷியன் வேலை இல்லை. சிவில் இன்ஜினீயரோ அனுபவமுள்ள கட்டிடக்காரரோ பார்க்க வேண்டும். முதலில் கசிவை நிறுத்தி, பிறகு தளத்தைச் சரிசெய்து, அதற்கப்புறம்தான் ஃபேன். இந்த நிலையில் ஃபாஸ்டனர் அடிப்பது உளுத்த மரத்தில் ஆணி அடிப்பது போல. அதுவரை ஸ்டாண்ட் ஃபேனோ சுவர் ஃபேனோ வைத்துச் சமாளியுங்கள்.

3. லைட் பாக்ஸ் மட்டும்தான் இருக்கு

ஹாலை நீளமாகக் கட்டிவிட்டு நடுவில் ஒரே ஒரு ஃபேன் பாயின்ட் கொடுத்திருப்பார்கள். டைனிங் பக்கம் இருப்பது லைட் பாயின்ட். அங்கே ஃபேன் வேண்டும் என்றால், வயரை டீப் பாக்ஸில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். எடை மட்டும் முதல் வழியில் சொன்ன மாதிரி தனி பிளேட்டில் தளத்தில் தொங்க வேண்டும். லைட்டுக்கு வந்த லைனில் எர்த் வயர் இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. அதையும் சேர்த்து இழுக்கச் சொல்லுங்கள்.

4. ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடு

ஜிப்சம் போர்டும், அதைத் தாங்கும் மெல்லிய தகடு ஃபிரேமும் ஃபேனைத் தாங்காது. ஃபால்ஸ் சீலிங்கில் ஓட்டை போட்டு, ராடு நேராக மேலே இருக்கும் கான்கிரீட் ஹூக்குக்குப் போக வேண்டும். அதற்கு நீளமான ராடு தேவை. உயரத்தையும் கணக்குப் போடுங்கள். இறக்கைக்கும் சீலிங்குக்கும் நடுவில் சுமார் 30 செ.மீ. இடைவெளி இருந்தால்தான் காற்று நன்றாக வரும். தரையில் இருந்து இறக்கை குறைந்தது 2.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 9 அடி உயர அறையில் ஃபால்ஸ் சீலிங் 20 செ.மீ. இறங்கினால், அதற்குக் கீழே 30 செ.மீ. விட்டால் இறக்கை 2.24 மீட்டரில் வந்து நிற்கும். கையைத் தூக்கி டி-ஷர்ட் கழற்றுகிறவருக்கு அது ஆபத்து. எனவே ஃபேன் ஆர்டர் போடும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

5. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு

மர உத்திரங்கள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய தளம் இது. இதில் செங்கல்லில் ஃபாஸ்டனர் அடிக்கக் கூடாது. உத்திரத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டை கிளாம்ப்தான் சரி. அதற்கு முன்பு மரத்தில் கரையான், உளுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெயினை ஆஃப் பண்ணியாச்சு... அப்புறமும் ஷாக் அடிக்குமா?

அடிக்கும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்! கரன்ட் போனாலும் ஓட வேண்டும் என்பதற்காக, ஃபேன் லைனைத்தான் முதலில் இன்வெர்ட்டரில் கொடுத்திருப்போம். மெயினை இறக்கினால், 'கரன்ட் கட்' என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையை ஆரம்பித்துவிடும். ஏணி மேல் நிற்பவரின் கையில் 230 வோல்ட் ஓடும். எனவே எம்சிபியை இறக்குவதோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை பார்ப்பதும் தப்பு. சில பழைய வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் இருக்கும். அப்போது ஃபேன் நிற்கும், ஆனால் மேலே வயரில் கரன்ட் இருக்கும். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் ஒரு பிளக் பாயின்ட்டில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, ஃபேன் வயரில் வையுங்கள்.

கட்டில் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் நாம் என்ற சர்க்கஸும் வேண்டாம். நாலு கால் ஏணி, கீழே பிடிக்க ஒரு ஆள். ஷாக் லேசாக அடித்தாலும், அந்த அதிர்ச்சியில் கீழே விழுவதுதான் பெரிய காயம் ஆகும். கான்கிரீட்டில் டிரில் போடும்போது கண்ணாடி, மாஸ்க் கட்டாயம்.

இதை நாமே செய்யலாமா? பார்ப்பது, தட்டுவது, போட்டோ எடுப்பது நம் வேலை. தளத்தில் துளை போட்டு, லைன் கொடுப்பது தெரிந்தவர்கள் வேலை. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிறது. "லைசென்ஸ் இருக்காண்ணே?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

புது ஃபேன் மேலே ஏறும்போது...

ஹூக் சரியாகிவிட்டால் பாதி நிம்மதி. மீதி நிம்மதி இந்தச் சின்னச் சாமான்களில்.

* ரப்பர் புஷ், போல்ட், நட்டு எல்லாம் புது ஃபேனோடு வந்ததாக இருக்கட்டும். பழசைத் திரும்பப் போட வேண்டாம்.
* ராடின் மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் போல்ட்டுக்குள் ஸ்பிளிட் பின் போட்டு, அதன் இரு கால்களையும் விரித்துவிட வேண்டும். நட்டு லூஸ் ஆனாலும் போல்ட் வெளியே வராமல் தடுப்பது இந்தப் பின்தான். விரிக்காத பின், போடாத பின்னுக்குச் சமம்.
* சில ஃபேன்களோடு பாதுகாப்புக்காக ஒரு மெல்லிய எஃகுக் கயிறு வரும். 'இது எதுக்கு' என்று தூக்கிப் போடாதீர்கள். ஹூக் விட்டாலும் ஃபேனைப் பிடித்து நிறுத்துவது அது. முடிந்தால் அதற்குத் தனியாக ஒரு ஃபாஸ்டனர் அடித்து மாட்டச் சொல்லுங்கள். அதே ஹூக்கில் மாட்டினால், ஹூக்கோடு சேர்ந்து கயிறும் வந்துவிடும்.
* வயர் இழுவையாக இருக்கக் கூடாது. கொஞ்சம் தளர்வாக விட்டு, கனெக்டரில் இறுக்க வேண்டும். எர்த்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.
* மேல் கப் சீலிங்கை உரசாமல், சின்ன இடைவெளி விட்டு நிற்க வேண்டும்.
* ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் என்றால் பழைய ரெகுலேட்டரை லைனில் இருந்து எடுத்துவிட வேண்டும். அதன் வழியாக ஓட்டினால் ஃபேனின் எலக்ட்ரானிக்ஸ் கெடும்.
* ஒரு வாரம் ஓட்டியபின் ஒருமுறை எல்லா போல்ட்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது கப்பை இறக்கிப் பார்த்துவிட்டால் மறக்காது.

வாடகை வீடு... செலவு யாருடையது?

எங்கள் வீட்டில் அடுத்த பஞ்சாயத்து இதுதான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, பராமரிப்பு வேலைகளை ஒரு அட்டவணையில் இரண்டாகப் பிரிக்கிறது. கட்டமைப்புப் பழுதுகளும், தேவைப்படும்போது செய்யும் உள், வெளி மின் வயரிங் வேலைகளும் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. கட்டமைப்புப் பழுது வாடகைதாரர் செய்த சேதத்தால் வந்ததென்றால் அது வேறு கணக்கு.

ஃபேன் நம்முடையது. ஆனால், தளத்துக்குள் பதிந்து, மேல்வீட்டுக் கசிவில் துருப்பிடித்த ஹூக் கட்டிடத்தின் ஒரு பகுதி. அதை உரிமையாளர் பக்கத்தில் வைத்துப் பேசுவதுதான் நியாயம். சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். ஹூக்கின் போட்டோ, துருத் தூளின் போட்டோ இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "மாட்டலாமா சார்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதினைந்து வருஷம் ஓடியது என்று போனில் சொல்கிற எவரும், அந்தப் படத்தைப் பார்த்த பிறகு "மாட்டுங்க" என்று டைப் செய்ய யோசிப்பார்கள்.

குடியேறும் முன்பே பார்த்துவிடுவது இன்னும் நல்லது. தண்ணீர் வருதா, சிக்னல் கிடைக்குதா என்று பார்க்கிறோம். ஃபேன் இல்லாத அறைகளில் மேலே டார்ச் அடித்து ஹூக்கையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தங்களுக்கு...

அங்கே கதை கொஞ்சம் வேறு. பெரும்பாலான வீடுகள் மரச்சட்டக் கட்டுமானம். சீலிங்கில் இருப்பது ஜிப்சம் போர்டு. அதற்குப் பின்னால் மரச்சட்டத்தில் பொருத்திய பாக்ஸில்தான் ஃபேன் தொங்கும். எனவே அங்கே பாக்ஸே எடையைத் தாங்க வேண்டும். லைட்டுக்கு வைத்த சாதாரண பாக்ஸில் ஃபேன் மாட்ட அந்நாட்டு மின் விதிகள் அனுமதிப்பதில்லை. ஃபேனுக்கு ஏற்றது என்று முத்திரை உள்ள பாக்ஸ் வேண்டும். அப்படிப்பட்ட பாக்ஸில்கூட 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோவுக்கு மேல் உள்ள ஃபேனைத் தொங்கவிடக் கூடாது. பழைய பாக்ஸை எடுத்துவிட்டு, அதே ஓட்டை வழியாக நீட்டி இறுக்கக்கூடிய இரும்புச் சட்டத்தை உள்ளே விட்டு, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் நிறுத்தி, அதில் புது பாக்ஸை மாட்டுவது அங்கே வழக்கமான முறை. சீலிங்கை உடைக்க வேண்டியதில்லை.

கடைசியில் எங்கள் வீட்டில் என்ன ஆனது?

போட்டோ போன பத்தாவது நிமிடத்தில் ஓனரிடம் இருந்து பதில் வந்தது. "சரி தம்பி, செஞ்சுடுங்க. வாடகையில கழிச்சுக்கோங்க. மத்த ரூமையும் பார்த்துடச் சொல்லுங்க."

அண்ணன் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தளம் கெட்டியாக இருந்தது. நாலு ஃபாஸ்டனர் அடித்து புது பிளேட்டை இறுக்கினார். உடனே ஃபேனை மாட்டவில்லை. "தண்ணி கேன் இருக்கா சார்?" என்றார். நிரம்பிய 20 லிட்டர் கேனைக் கயிற்றில் கட்டி ஹூக்கில் தொங்கவிட்டார். ஃபேனைப்போல நாலு மடங்கு எடை. கட்டிலை நகர்த்திவிட்டு, எல்லோரையும் அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, டீ குடித்து முடிக்கும்வரை அது தொங்கியது. "இது முழுசா கேரன்ட்டி இல்ல சார். ஆட்டத்துக்கு எப்படி நிக்குதுனு அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன். ஆனா இதுலயே இறங்கியிருந்தா, இப்பவே தெரிஞ்சிருக்கும்ல?"

பெட்ரூமில் சீலிங்கில் இருந்து தண்ணி கேன் தொங்குவதைப் பார்த்துப் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மற்ற அறைகளையும் அன்றே பார்த்தோம். ஹாலில் ஹூக் நன்றாக இருந்தது, ரப்பர் புஷ் மட்டும் மாற்றினோம். இன்னொரு பெட்ரூமில் ஹூக்கும் புஷ்ஷும் சரியாக இருந்தன. ஆனால், ராடில் ஸ்பிளிட் பின் இல்லவே இல்லை. அந்த அறையில்தான் நான் தினமும் ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்க்கிறேன்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், ஒருமுறை நிமிர்ந்து அந்தக் கப்பைப் பாருங்கள். அது கடைசியாக எப்போது இறங்கியது என்று ஞாபகம் இல்லையா? இந்த வாரக் கடைசியில் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போடுங்கள்.